குலுக்கினால் மினுங்கும் மண்

மட்டாஞ்சேரியில் மூன்று நாளாக மழை விடவில்லை. சுபாஷிணியின் மாடி ஆபீஸில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதற்குக் கீழே இரண்டு எவர்சில்வர் தட்டுகள். ஒன்றில் கறுப்பாக ஒரு உருண்டை சேறு, இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை.

சாயா கிளாஸோடு உள்ளே வந்த இசக்கிராஜா தட்டுகளைப் பார்த்து நின்றான்.

"பரிமாறியாச்சா சேச்சி? தொட்டுக்க என்ன?"

சொன்ன பிறகுதான் மூலை நாற்காலியில் இருந்த பெண்ணைக் கவனித்தான். சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அமுதவள்ளி. போன வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், படகு ஜெட்டிக்குப் பக்கத்துச் சேற்றில் குப்புறக் கிடந்த மாரிச்செல்வத்தின் மனைவி.

மாரிச்செல்வத்தை இசக்கிக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இருபத்தொன்பது வயது, ஒரு பீடி கூடப் பிடிக்காதவன். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் சொன்னதும், அமுதவள்ளியைச் சுபாஷிணியிடம் கூட்டி வந்தவன் இசக்கிதான்.

சுபாஷிணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்த குடும்பம். கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸில் இருபது வருஷம் சர்வேயராக இருந்தவள். மூழ்கிய சரக்கையும் மூழ்கடித்த சரக்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிப் பழகியவள். பிறகு வேலையை விட்டுவிட்டு, துப்பறியும் ஆபீஸ் வைக்க இந்த மாடியைப் பிடித்தாள். இசக்கி அவளிடம் டிரைவராக வந்தான். அதற்கு முன்னால் எறணாகுளத்தில் பரோட்டா மாஸ்டர். முப்பத்தாறு வயசு, கொஞ்சம் தொப்பை, நிற்காத வாய்.

"சொல்லும்மா, அவனும் கேக்கட்டும்," என்றாள் சுபாஷிணி.

"அவர் மண்ணு சோதிக்கிற லேப்ல வேலை பார்க்கும்போது மட்டும்தான் பேன்ட்டை மடிச்சு விடுவார்," என்றாள் அமுதவள்ளி. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தரை எப்பவும் ஈரமா இருக்கும். கிளம்பும்போது இறக்கி விட்டுத் தட்டிட்டுத்தான் வெளியே வருவார். ஆஸ்பத்திரியில குடுத்த துணிப் பையை நேத்துதான் பிரிச்சேன். பேன்ட்டு முட்டி வரைக்கும் மடிச்சபடியே இருக்கு. நாலு மடிப்பு. வெளியில எல்லாம் கறுப்புச் சேறு. உள் மடிப்புல மட்டும் இந்தச் சாம்பல் மண்ணு."

அவள் எழுந்து வந்து சாம்பல் உருண்டையில் கொஞ்சம் கிள்ளினாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து உள்ளங்கையில் தட்டையாக வைத்தாள். மற்றக் கையால் அந்தக் கையின் விளிம்பைத் தட்டினாள். நாலாவது தட்டில் மண்ணின் மேல்பக்கம் எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. விரல்களை மடக்கினாள். மினுமினுப்பு அப்படியே உள்ளே போய், மண் மங்கி வெடித்தது.

"வீட்டுக்கு ஒரு நாள் கொண்டுவந்து காமிச்சார். கடலுக்கு அடியில இருந்து எடுத்த வண்டலாம். குலுக்கினா தண்ணியைக் கக்கும், அமுக்கினா உள்ளே இழுத்துக்கும்னார். பத்துத் தடவை செஞ்சு காமிச்சார்."

சுபாஷிணி கறுப்புச் சேற்றை எடுத்துத் தன் கையில் அதேபோலத் தட்டினாள். பதினைந்து தட்டு. அது சுவரில் அப்பிய சாணி மாதிரி அசையாமல் இருந்தது.

"இது சட்டைக் காலர்லேர்ந்து எடுத்தது. ஜெட்டிச் சேறு. வெறும் களிமண்."

"போலீஸுக்கு மண்ணுன்னா மண்ணுதான்," என்றான் இசக்கி. "அதுலயும் ஜாதி பிரிச்சுப் பார்க்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் சேச்சி."

"ஜாதி இருக்கட்டும். உனக்கு என்ன தோணறது, அதைச் சொல்லு."

இசக்கி யோசித்தான். "கிளம்பும்போது பேன்ட்டை இறக்கி விடுற ஆளு, மடிப்போட ஜெட்டியில கிடந்திருக்கான். அப்படீன்னா அவன் லேப்ல இருந்து கிளம்பவே இல்லை."

"கிளம்பினான். தன் காலால கிளம்பலை."

அமுதவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை. படகைப் பிடித்துப் பத்து மணிக்குள் போய் நிற்க வேண்டும். கதவருகில் திரும்பி, "எதுவானாலும் என்கிட்ட மறைக்காம சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சுபாஷிணி மேஜையிலிருந்து போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை எடுத்து நீட்டினாள். இசக்கிக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும். படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீரில் மூழ்கி மரணம். நுரையீரலில் காயல் தண்ணீர், ஆகாயத்தாமரை வேரின் நூல்நூலான துணுக்குகள். வலது உள்ளங்கையில் சின்னதாக ஒரு கருத்த காயம். வேறு அடி இல்லை.

"நுரையீரல் ஜெட்டிங்குது, பேன்ட்டு லேபுங்குது. ரெண்டு சாட்சியையும் ஒரே பெஞ்சுல உட்கார வெச்சுத்தான் விசாரிக்கணும்," என்றான் இசக்கி.

"அதுக்குத்தான் போறோம். குடையை எடு."

கொச்சங்காடிக்குப் போகும் வழியில் இருந்தது அந்த லேப். ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய பண்டகசாலை. முன்கதவு தெருவில், பின்கதவு நேராகக் காயல் தண்ணீரின் மேல். அந்தக் காலத்தில் படகிலிருந்து அப்படியே மூட்டை ஏற்றுவார்களாம்.

கதவைத் திறந்தவர் ஸ்டோர் பொறுப்பாளர் சேவியர். அறுபது வயதிருக்கும். மாரிச்செல்வத்தின் சாமான்களை வாங்க வந்திருக்கிறோம் என்று சுபாஷிணி சொன்னபோது அவர் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரையே பார்த்தார்.

லேபின் தலைவர் சங்கர்ராம் உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடி. சுபாஷிணியின் பேச்சைக் கேட்டதும் முகம் கொஞ்சம் இளகியது.

"நீங்க பாலக்காடா? வாங்கோ, உக்காருங்கோ. மாரி போனது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அவன் தொட்டா மண்ணு கலங்காது. அப்படி ஒரு கை."

"அன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினான்?"

"ஆறு. நான் ஆறரைக்குப் பூட்டிண்டு ஆத்துக்குப் போயிட்டேன். சேவியர் எனக்கு முன்னாடியே போயாச்சு."

இசக்கி சுற்றிப் பார்த்தான். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் அறுபது இரும்புக் குழாய்கள் நிமிர்ந்து நின்றன. இரண்டு முனையிலும் மெழுகு அடைத்திருந்தது. குமரிக்குக் கிழக்கே கடலில் காற்றாலைகள் நிறுத்தப் போகிறார்கள். அதற்காகக் கடலடியில் துளை போட்டு எடுத்து வந்த மண். குழாயைச் சாய்த்தாலோ குலுக்கினாலோ மண் செத்துவிடும், அப்புறம் சோதித்து லாபமில்லை என்றார் சங்கர்ராம்.

"மணலுக்கு ஒரு கணக்கு உண்டு, களிக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டல் ரெண்டுக்கும் நடுவில நின்னுண்டு பொய் சொல்லும். கெட்டியா இருக்கற மாதிரியே இருக்கும். அலை அடிச்சு அடிச்சுத் தூண் ஆடறப்போ, உள்ளே தண்ணி அழுத்தம் ஏறி ஒரு நாள் கஞ்சியாயிடும். எத்தனையாவது அலையில ஆகும்னு கண்டுபிடிக்கறதுதான் இங்க வேலை."

லேபின் நடுவில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள், ரப்பர் உறை போட்டு, டம்ளர் உயரத்துக்கு ஒரு மண் உருளை. மேலிருந்து ஒரு தண்டு அதை அமுக்கியது, விட்டது, மறுபடி அமுக்கியது. பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஸாதனா என்ற இளம் இன்ஜினியர். திரையில் ஒரே மாதிரி அலைகள் வரிசையாக ஓடின.

"எவ்வளவு நேரமா இப்படிக் கும்மிட்டிருக்கு?" என்று கேட்டான் இசக்கி.

"ஒன்பது நாளா. பத்து செகண்டுக்கு ஒரு அலை," என்றாள் ஸாதனா.

"எங்க பழைய ஓட்டல்ல இது இருந்திருந்தா மாவு பிசைய என்னைச் சேர்த்திருக்கவே மாட்டாங்க."

ஸாதனா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். சுபாஷிணி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஒன்பது நாளும் இதுல இருக்கா? வியாழக்கிழமை சாயங்காலம் காமியேன்."

ஸாதனா திரையைப் பின்னுக்குத் தள்ளினாள். வாரம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த அலைகள். வியாழக்கிழமை, மணி ஏழு பத்து. அலை பாதியில் அறுந்து கிடைக்கோடாகப் படுத்துவிட்டது. ஏழு முப்பத்தொன்றுக்குத் திரும்ப எழுந்தது.

"கரண்ட் போயிருக்கும்," என்றார் சங்கர்ராம். "மழை."

"இருக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சுடுமா?"

கேள்வியை அவரிடம் கேட்டாள். பதில் சொன்னது ஸாதனா. "இல்லை மேடம். நின்னுட்டா நின்னதுதான். யாராவது பக்கத்துல நின்னு, பழைய அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, பட்டனை அமுக்கணும்." சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரும்பிச் சங்கர்ராமைப் பார்த்தாள்.

"ஆறரைக்குப் பூட்டின லேபுல ஏழு முப்பத்தொண்ணுக்கு மெஷினே எழுந்து முகம் கழுவி வேலைக்கு வந்துடுச்சோ?" என்றான் இசக்கி.

இசக்கியின் கண் சுவரை ஒட்டியிருந்த தொட்டிக்குப் போனது. இடுப்பளவு சிமெண்ட் தொட்டி, உள்ளே தெளிந்த உப்புத் தண்ணீர், அதைச் சுழற்றும் பம்ப். அந்தச் சுவரில் ஏழு ஸ்விட்ச் போர்டு. ஆறு பழுத்து மஞ்சளாகியிருந்தன. பம்ப்புக்கு மேலே இருந்தது மட்டும் பால் வெள்ளை.

"இந்தப் போர்டு எப்போ மாத்தினது சார்? வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா?"

சுபாஷிணி பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சாம்பல் மண்ணில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். மினுங்கியது. கையைச் சங்கர்ராமின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாரி பேன்ட்டு மடிப்புல இருந்தது. ஜெட்டியில இந்த மண்ணு கிடையாது. அவன் உள்ளங்கையில கருகின காயம் இருக்கு. உங்க பம்ப் போர்டு புதுசு. ஏழு பத்துக்குக் கரண்ட் போனது மழையால இல்லை. சொல்லுங்கோ."

சங்கர்ராம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவனைக் கொல்லலை. பம்ப்பைத் தொட்டிருக்கான். ஷாக் அடிச்சு, லேபு முழுக்க இருட்டாச்சு. நான் ஓடி வரச்சே தரையில கிடந்தான். நாடி பார்த்தேன். இல்லை. போயிட்டான்."

"அந்தப் பம்ப்புல கரண்ட் கசியறதுன்னு அவன் முன்னாடியே சொன்னானா?"

"சொன்னான். மூணு தடவை." குரல் தாழ்ந்தது. "இந்த டெஸ்ட் முடியட்டும், நிறுத்திட்டுப் பார்க்கலாம்னேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகலை?"

"செத்தவனைக் கொண்டுபோய்? போலீஸ் வருவா, லேபை சீல் வெச்சுடுவா, கூல் ரூம் நின்னுடும். அறுபது குழாய்! இதை எடுக்கக் கப்பல் ஒரு மாசம் கடல்ல நின்னது. இனி மழைக்காலம் முடியாம கப்பல் போகாது. சோதனையில்லாத மண்ணுல யாராவது குத்துமதிப்பா ஒரு கணக்கைப் போட்டுத் தூணை நடுவா. ஒரு புயல்ல சாயும். அதுல ஏறி வேலை பார்க்கறவாள்ளாம் சாவா. நான் அதைத்தான் நினைச்சேன். அவன் எப்படியும் போயிட்டான், மண்ணையாவது காப்பாத்தணும்னு..."

"அதனால பின்கதவு வழியா."

"ஆமாம்."

"மெஷினை எப்போ ஓட்டினேள்? அவனைத் தூக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

சங்கர்ராம் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டோர் வாசலிலிருந்து பதில் வந்தது. சேவியர் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"முன்னாடி," என்றார். "எல்லாத்துக்கும் முன்னாடி சார் மெஷினைத்தான் நோக்கினார். மாரி அங்கே கிடந்தான், அந்தத் தொட்டிப் பக்கம். எல்லாம் முடிஞ்ச பிறகு ஞானும் சாரும் காலும் தலையும் பிடிச்சு..."

இசக்கிக்கு ஏதோ ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. விபத்து. பயந்துபோன இரண்டு பேர் பிணத்தை மறைத்திருக்கிறார்கள். கேவலம்தான், ஆனால் மாரியை யாரும் அடித்துக் கொல்லவில்லை. அமுதவள்ளியிடம் சொல்லிவிடலாம். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு சுபாஷிணியைப் பார்த்தான். அவள் இன்னும் உட்காரவில்லை.

"தொட்டித் தண்ணி எங்கேருந்து வரது, ஸாதனா?"

"கடல் தண்ணி மேடம். வடிகட்டி, சுத்தம் பண்ணி ஊத்துறது. ஒரு தூசி இருக்காது."

"இதுல ஆகாயத்தாமரை?"

"சான்ஸே இல்லை."

சுபாஷிணி பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவு திறந்ததும் மழைச் சத்தம் உள்ளே வந்தது. மூன்றடி கீழே காயல், கலங்கி, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் மழையில் பாதி மறைந்திருந்தன.

"மாரியோட நுரையீரல்ல இந்த வேர் இருந்தது," என்றாள். "ஆழத்துல, நூல் நூலா. செத்தவன் மூச்சு இழுக்க மாட்டான், சங்கர்ராம். இந்தக் கதவுலேர்ந்து நீங்க போட்டப்போ அவன் உசுரோட இருந்தான். தண்ணிக்குள்ள போய் மூச்சு இழுத்திருக்கான். ஷாக்ல மயங்கினவனை நீங்கதான் கொன்னிருக்கேள்."

அறிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்தவன் இசக்கிதான். அதே வரியை வைத்துக் கேலியும் பேசியிருந்தான்.

"ஞான் பறஞ்ஞில்லே சாரே!" சேவியரின் குரல் கிழிந்தது. அவர் சங்கர்ராமின் தோளைப் பிடித்து உலுக்கினார். "தூக்கும்போது முனகினான்னு நான் சொன்னேன்! சொன்னேனா இல்லையா?"

"அது காத்து..." சங்கர்ராமின் உதடு கோணியது. "உடம்புலேர்ந்து காத்து வெளியே போற சத்தம்னு நினைச்சேன்."

"நினைச்சேளா? இல்லை, அப்படி நினைச்சாத்தான் சௌகரியம்னு பட்டதா?" என்றாள் சுபாஷிணி.

சேவியர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் தண்டு அமுக்கியது, விட்டது. ஸாதனா எழுந்து போய் மெஷினை அணைத்தாள்.

"ஐயோ, ஒன்பது நாள்..." என்று பாதி எழுந்தார் சங்கர்ராம். மூன்று பேரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து மறுபடி உட்கார்ந்தார்.

சுபாஷிணி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த எஸ்.ஐ. கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். சேவியர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். எழுதுகிற கான்ஸ்டபிள் இரண்டு தடவை அவரை நிறுத்தி மெதுவாகச் சொல்லச் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது சங்கர்ராம் திரும்பி, "ஸாதனா, கூல் ரூம் பத்து டிகிரிக்கு மேல போகப்படாது," என்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அமுதவள்ளிகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள் சுபாஷிணி. அப்போதுதான் அவள் குரல் தளர்ந்தது.

"நான் போறேன்," என்றான் இசக்கி.

படகில் எறணாகுளத்துக்குப் போகும் வழியெல்லாம் அவன் வார்த்தைகளைத் தேடினான். ஷாக் அடித்ததும் போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்று சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைக் கோர்ட்டில் அவளாகத் தெரிந்துகொள்ளட்டும். படகிறங்கி, பிராட்வேயில் தார்ப்பாய்க்குக் கீழே முண்டியடித்த கூட்டத்தில் புகுந்து, அந்த ஜவுளிக்கடை வாசலுக்குப் போகும்வரை அப்படித்தான் முடிவு செய்திருந்தான்.

அமுதவள்ளி அவன் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, துணி மூட்டைகள் அடுக்கியிருந்த மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனாள்.

"சொல்லுங்கண்ணே."

அவன் சொன்னான். தொடங்கிய பிறகு எதையும் விட முடியவில்லை. பம்ப்பு, மெஷின், இருபத்தொரு நிமிஷம், பின்கதவு, முனகல். நுரையீரலைச் சொல்லும்போது மட்டும் அவள் பக்கம் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் அழவில்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். "அவர் தூங்கும்போதுகூட ஒரு தடவை கூப்பிட்டா முழிச்சுக்குவார்."

"தெரியலைம்மா. கூப்பிட்டதா யாரும் சொல்லலை."

கடைக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல மலையாளத்துல எழுதி என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினாங்க. வழுக்கி விழுந்து செத்தார்னு எழுதியிருந்ததாம். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. போட்டுட்டேன்." கண்களை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இப்போ புதுசா எழுதிக் குடுக்கணும். நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

கடையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் அட்டையும் எடுத்து வந்து கொடுத்தாள். இசக்கி படியில் உட்கார்ந்து முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டான்.

"முதல்ல என்ன எழுதட்டும்மா?"

"அவர் உசுரோட இருந்தார்னு எழுதுங்க," என்றாள் அமுதவள்ளி.